திருச்சபைக் கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதல் வருடத்தை ஓட்டுவது எப்படி?

தேர்தல் முடிந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் உங்களை முன்னால் நிறுத்தி ஐயர் ஜெபமும் பண்ணிவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் போன் செய்திருப்பார்கள். ஒருவருக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர். இன்னொருவருக்குப் பாடகர் குழுவின் கீபோர்டு. மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "ஐயரைக் கொஞ்சம் பாத்துக்கங்க, அவர் இஷ்டத்துக்குப் போறாரு" என்று சொல்லியிருப்பார். அந்த மூன்றாவது போனை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் இரண்டு தவணை பொருளாளராகவும் ஒரு தவணை செயலராகவும் இருந்தவன். பெயர்கள் சபைக்குச் சபை மாறும். சேகர கமிட்டி என்பார்கள், நிர்வாகக் குழு என்பார்கள், கத்தோலிக்கர்களிடம் பங்குப் பேரவை. நான் எல்லாவற்றையும் கமிட்டி என்றும், போதகரை எங்கள் ஊர் வழக்கப்படி ஐயர் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

சபைத் தலைமையில் சமநிலை வேண்டும் என்பதை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் அதை ஒரு குணமாக எடுத்துக்கொள்கிறார்கள்: ரொம்பக் கடுமையும் இல்லாமல், ரொம்ப இளக்கமும் இல்லாமல், பதமாக நடந்துகொள்வது. குணம் நல்லதுதான். ஆனால் குணத்தை நம்பிச் சபை நடத்த முடியாது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுகிறார்கள். மதகு ஒரே ஆளின் இஷ்டத்தில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தலைமடை நனையும், கடைமடை காயும். சபையில் பிரசங்க பீடம், பணப்பெட்டி, பெயர்ப் பட்டியல் என்று மூன்று மதகுகள். மூன்றும் ஒரே கையில் இருக்கக் கூடாது. நான் சொல்லப்போவது அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்பதுதான் மிச்சம்.

முதல் மூன்று மாதம்: படியுங்கள், பேசாதீர்கள்

முதல் கூட்டத்திலேயே மாற்றங்களைக் கொண்டுவர வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். கண்காணிப்பு வேலைக்கு நூதன சீஷனை வைக்கக் கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது சும்மா இல்லை. புதிதாக வந்தவனுக்குத் தலைகனம் ஏறிவிடும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்.

செயலரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் சபையின் சட்ட புத்தகம், ஐந்து வருட மினிட் புத்தகங்கள், தணிக்கை செய்த கணக்கு, சொத்துப் பட்டியல். சட்ட புத்தகத்தைப் பாதிப் பேர் கண்ணால் பார்த்ததே கிடையாது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் செல்லும், எவ்வளவு தொகைக்கு மேல் மேலிடத்து அனுமதி வேண்டும், உங்கள் பதவி எந்தத் தேதியோடு முடிகிறது என்ற மூன்றையும் குறித்து வையுங்கள்.

மினிட் புத்தகத்தில் தீர்மானங்களை மட்டும் பார்க்காதீர்கள். அடியில் 'முன்மொழிந்தவர்', 'வழிமொழிந்தவர்' என்று இருக்கும் பெயர்களைப் பாருங்கள். எங்கள் பழைய புத்தகம் ஒன்றில் 31 தீர்மானங்களில் 26-ஐ அதே இரண்டு பேர் முன்மொழிந்தும் வழிமொழிந்தும் இருந்தார்கள். இருவரும் சம்பந்திகள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. உழைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் மற்ற ஏழு பேர் ஆறு வருடம் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அந்தக் காகிதத்திலேயே இருந்தது.

ஐயரோடு எப்படி இருப்பது

இரண்டு தப்புகள் சகஜம். ஒன்று, ஐயர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது. மற்றது, ஐயர் என்றாலே எதிர்க்கட்சி என்று நினைப்பது. இரண்டாவதுதான் வீரம் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. முதலாவதும் அதே அளவு கெடுதல் செய்யும். சத்தம் மட்டும் வராது.

பொதுவாக வேத வசனம், திருவிருந்து, ஞானஸ்நானம், வீடு சந்திப்பு எல்லாம் அவர் பொறுப்பு. பணம், கட்டடம், பதிவேடு உங்கள் பொறுப்பு. சண்டை வருவதெல்லாம் நடு வரப்பில்தான். கன்வென்ஷனுக்கு யாரைக் கூப்பிடுவது, ஆராதனை நேரத்தை மாற்றலாமா, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைக்குச் சம்பளம் ஏற்றுவது யார் முடிவு. இந்த மாதிரி விஷயங்களை முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, இது உங்களுடையது, இது எங்களுடையது, இது சேர்ந்து செய்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க நிம்மதி. கத்தோலிக்கத் திருச்சபை இதை 1983-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்பில் எழுதியே வைத்திருக்கிறது: பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான், ஆனால் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு, பணத்தின் பக்கத்தில் மட்டும் அவர் தனியாக நிற்கக் கூடாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐயர் மாற்றலில் வருகிறவர். மூன்று நான்கு வருடத்தில் மூட்டை கட்ட வேண்டியவர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும், குடியிருக்கும் வீட்டில் ஐப்பசி மழைக்கு ஓடு ஒழுகும். அதை அவராக வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால், "வந்ததும் வராததுமா வீட்டுக்குச் செலவு வைக்கிறாரு" என்று பேச்சு வரும். நீங்களாகப் போய்ப் பாருங்கள். கூரையைப் பாருங்கள், தண்ணீர் மோட்டாரைப் பாருங்கள், ஐயரம்மாவிடம் சமையலறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் கணக்கு விஷயத்தில் நீங்கள் அவரிடம் கேள்வி கேட்கும்போது, அது பகையாகத் தெரியாது.

வேலையைப் பிரித்துக்கொடுக்கத் தெரியாத ஐயர்களும் உண்டு. விளக்கு மாற்றுவது முதல் வினாத்தாள் தயாரிப்பது வரை அவரே செய்வார். மோசே காலை முதல் சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்ததைப் பார்த்து, இது நல்லதில்லை, நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று சொன்னது அவருடைய மாமனார் எத்திரோ. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னதும் அவர்தான். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத்தான் அது பட்டது. புதிதாக வந்திருக்கும் உங்கள் கண்ணும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஆறு மாதம் போனால் பழகிவிடும். அதனால் இப்போதே பார்த்துக் குறித்து வையுங்கள்.

கருத்து வேறுபாடு வந்தால் முதலில் அவர் வீட்டுத் திண்ணையில் பேசுங்கள். பிறகு கமிட்டியில். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருபோதும் வேண்டாம். "பவுல் எல்லார் முன்னாலயும் பேதுருவை எதிர்த்தாரே" என்று யாராவது வசனம் எடுத்துக்கொண்டு வருவார்கள். எதிர்த்தார்தான். பேதுரு யூதரல்லாதவர்களோடு சாப்பிடுவதை எல்லாருக்கும் தெரிய நிறுத்தினார். அதனால் சபையே இரண்டாகப் பிரிய இருந்தது. ஆர்கெஸ்ட்ரா வாடகை அந்த ரகத்தில் சேராது.

பணம்: மூன்று பேர், ஒரு மேசை, திங்கட்கிழமை

இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகள் நேராக வெஸ்ட்ரி (கோயிலை ஒட்டிய அறை) மேசைக்கு வர வேண்டும். எண்ணுவதற்கு மூன்று பேர். மூவரும் ஒரே குடும்பமாகவோ சம்பந்தியாகவோ இருக்கக் கூடாது, வாரா வாரம் ஆள் மாற வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. கதவு திறந்தே இருக்கட்டும். பையைக் கவிழ்த்தால் முதலில் சில்லறை கொட்டும். பிறகு சுருட்டிய நோட்டுகள். முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துப் போட்ட பத்து ரூபாய் நோட்டு வெற்றிலைச் சுருள் மாதிரி மடிந்து, ஈரமாகவே இருக்கும். அதைப் பிரித்து நீவி வைக்க நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஒருவர் பிரிக்க, ஒருவர் பெயரும் தொகையும் வாசிக்க, ஒருவர் எழுத வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். சீட்டின் ஒரு நகல் பொருளாளருக்கு, ஒன்று செயலருக்கு. பணம் திங்கட்கிழமை வங்கிக்கு. "ஐயர் வீட்டு பீரோல இருக்கட்டும், புதன்கிழமை போட்டுக்கலாம்" என்பது ஐயரையும் சேர்த்து மாட்டிவிடும் பேச்சு.

இப்போது கியூஆர் அட்டை எல்லா வாசலிலும் தொங்குகிறது. உங்கள் கோயில் அட்டையை நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். திரையில் சபையின் பெயர் வர வேண்டும். முன்னாள் பொருளாளரின் பெயர் வந்தால் அன்றைக்கே அட்டையைக் கழற்றுங்கள். அவர் நேர்மையானவராகத்தான் இருப்பார். அது கேள்வியே இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் நம் ஊர்ப் பையன், இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவன், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சட்டம் அதை வெளிநாட்டு நிதியாகக் கொள்ளாது. அவனே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நிதிதான். அதற்கு உரிய பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. நன்கொடையாளர் எவ்வளவு வருத்தப்பட்டாலும் உங்கள் மேலிடத்து அலுவலகத்தைக் கேட்காமல் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள்.

சரி, அடிபட்ட கதை. சம்பா அறுவடை முடிந்து வரும் அறுப்புப் பண்டிகையில் எங்கள் கோயிலில் ஏலம் விடுவோம். முதல் கதிர்க்கட்டு, பூசணிக்காய், சேவல், ஒரு சீப்பு வாழைப்பழம். எலுமிச்சம்பழம் ஒன்று, மச்சான் மாப்பிள்ளை போட்டியில் 1,200 ரூபாய்க்குப் போகும். கையில் காசு இல்லாதவர்கள் "பேரை எழுதிக்கங்க, நெல்லு போட்டதும் தர்றேன்" என்பார்கள். என் முதல் வருடத்தில் நான் அழைப்பிதழின் பின்பக்கத்தில் பெயர்களைக் கிறுக்கி, சட்டைப் பையில் வைத்தேன். அந்தச் சட்டை துவைக்கப் போனது. ஆண்டுக் கூட்டத்தில் 4,350 ரூபாய் உதைத்தது. மானம் போகிறதே என்று என் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டினேன். அப்போதுதான் பேச்சே ஆரம்பித்தது. எடுக்காதவன் ஏன் போடுவான் என்று கேட்டார்கள். பதில் சொல்ல என்னிடம் காகிதம் இல்லை.

அடுத்த வருடம் கார்பன் வைத்த ரசீது புத்தகம், ஏலம் கூறுபவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர், பாக்கிப் பட்டியல் அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில். கணக்கு குறைந்தால் கூட்டத்தில் குறைந்தது என்று சொல்லுங்கள், உங்கள் பணத்தைப் போட்டு மூடாதீர்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுலே தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டார். கர்த்தர் முன்பாக மட்டும் இல்லை, மனுஷர் முன்பாகவும் சரியாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார்.

பெயர்ப் பட்டியல்: கடைமடைக்குப் போகிறதா?

பிரசங்க பீடத்துக்கும் பணத்துக்கும் ஆட்கள் காவல் இருப்பார்கள். பட்டியலை யாரும் கவனிக்க மாட்டார்கள். யாருக்கு உதவி, யாருக்கு ஓட்டு, யார் வீட்டில் ஜெபக்கூட்டம், கிறிஸ்துமஸுக்கு யாருக்குச் சேலை என்பதையெல்லாம் ஒரு பட்டியல்தான் முடிவு செய்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னை ஒன்று மிச்சமில்லை. நாலாம் நாள் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி எல்லாம் ஒரு லாரியில் வந்து இறங்கின. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அவசரத்தில் நான் சந்தா நோட்டைப் பிரித்து, அதிலிருந்து பட்டியல் எழுதி, இரண்டு மணி நேரத்தில் கொடுத்து முடித்தேன். எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தோம் என்று பெருமை வேறு. சாயங்காலம் பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்டி சத்தமெல்லாம் போடவில்லை. "தம்பி, கோயில் மணி எங்க தெரு வரைக்கும் கேக்குது. உங்க லிஸ்ட்டுதான் வாய்க்காலோட நின்னுடுச்சு" என்றார்.

14 வீடுகள் விட்டுப்போயிருந்தன. பெரும்பாலும் தனியாக இருக்கும் விதவைகள். சந்தா கட்ட முடியாதவர்கள், அதனால் நோட்டில் இல்லாதவர்கள். யாரும் வேண்டுமென்று விடவில்லை, நோட்டே அப்படித்தான் இருந்தது. அந்தத் தெரு எந்தச் சாதிக்காரர்கள் தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை அன்றைக்கு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தேன். அங்கேயும் இதே தகராறுதான்: தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் விட்டுப்போகிறார்கள். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிக்க நாங்கள் வரமாட்டோம், ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தனை வருடம் கேட்ட பிரசங்கங்களில் இதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உதவிப் பட்டியலைச் சந்தா நோட்டிலிருந்து எழுதாதீர்கள். தெருத் தெருவாக நடந்து எழுதுங்கள். கூட நடப்பவர் அந்தத் தெருக்காரராக இருக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பெண்கள் சங்கத்துக்குத் தெரிந்த அளவு எந்தக் கமிட்டிக்கும் தெரியாது. கமிட்டியில் அந்தத் தெருவுக்கு இடம் இல்லையென்றால், அடுத்த தேர்தலுக்குள் எப்படி வரவைப்பது என்று பாருங்கள். பெயருக்கு ஒரு உறுப்பினர் போதாது. பொருளாளர், செயலர் பதவிகள் சுற்றி வர வேண்டும்.

இது நேற்று வந்த நோய் கிடையாது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் சாதி பார்த்து இடம் பிரித்து உட்கார்ந்த வழக்கம் பல தலைமுறை நீடித்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இன்றைக்குப் பெஞ்சு எல்லாருக்கும் பொதுதான். பட்டியலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சமநிலை பார்க்கக் கூடாத இடம்

யாராவது தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்று சொன்னால், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச அது ஏல பாக்கி இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012), விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மறைப்பது தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். கமிட்டி கூடித் தீர்மானம் போடும் வரை காத்திருக்காதீர்கள். சபைப் பெயர் கெடும் என்று சொல்கிறவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு, உங்கள் வயல்

மாதம் ஒரு கமிட்டிக் கூட்டம், இரண்டு மணி நேரம், அஜெண்டா மூன்று நாள் முன்னால். அதற்கு மேல் இழுத்தால் வீட்டில் சாப்பாடு ஆறும், கூட்டத்தில் வார்த்தை சூடாகும். நடவு சமயத்திலும் அறுவடை சமயத்திலும் கூட்டமே வைக்காதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த வாரத்தில் யார் வருவார்கள், சம்பளக்காரர்களும் பென்ஷன்காரர்களும்தான் வருவார்கள். அப்புறம் முடிவெல்லாம் அவர்கள் முடிவாகிவிடும்.

இறங்கும்போது

ஏறிய அன்றைக்கே இறங்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். விட்டுக்கொடுப்பது நம் சபைகளுக்கு எப்போதுமே மெதுவாகத்தான் வந்திருக்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706. ஆரோன் என்ற தமிழர் அந்த மிஷனின் முதல் நாட்டுக் குருவாக அபிஷேகம் பெற்றது 1733. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையானது 1919. அதற்கு ஒரு தமிழர், ராஜா மாணிக்கம், பேராயரானது 1956. கப்பல் வந்து சரியாக 250 வருடம். நமக்கு மூன்று வருடத் தவணைதான். அதையும் "இன்னொரு தவணை இருந்தா சுற்றுச்சுவரை முடிச்சிடுவேன்" என்று நீட்டாதீர்கள். சுவரை அடுத்தவர் முடிப்பார், கொஞ்சம் கோணலாக.

ஒப்படைக்கும்போது வங்கிப் பாஸ்புக், காசோலைப் புத்தகம், நிலுவைப் பட்டியல், பாதியில் நிற்கும் வேலைகள் எல்லாவற்றையும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாவிகளுக்குத் துண்டு அட்டை கட்டி எது எந்தப் பூட்டுக்கு என்று எழுதுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர் கொத்தாக 11 சாவிகள் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நான்கு எதற்கென்று தெரியாமலே மூன்று தவணை வைத்திருந்து, அப்படியே அடுத்தவரிடம் கொடுத்தேன். அவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.